கடைமடைச் சேதி

இருபத்தாறு வருஷம்
காலை ஆறு மணிக்கு
மதகுச் சுவரில் வரைந்த அளவுகோலைப் படித்து
செக்‌ஷன் ஆபீசுக்குப் போன் போட்டவன் நான்.
மூணடி நாலங்குலம், சார்.
மூணடி, சார்.
ஒரு ஐப்பசியில்,
அளவுகோலே தெரியலை, சார்.

திறந்துவிடுவது பெரிய காரியமில்லை.
ஷட்டர் சக்கரத்தை யார் வேண்டுமானாலும் சுற்றலாம்.
திறந்த தண்ணீர் எதுவரை வந்து நிற்கிறதென்று
கீழேயிருந்து ஒருவன் சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால்
மேலே இருப்பவனுக்கு ஆறு என்று ஒன்று கிடையாது,
கையில் ஒரு சாவி இருக்கிறது,
அவ்வளவுதான்.

காய்ச்சல் ஒன்பது நாள்.
பத்தாம் நாள் எழுந்து நின்றேன்,
நின்றதாக நினைத்தேன்.
பார்த்தால் கன்னம் தரையில் இருந்தது,
ஒரு கால் கட்டிலுக்கு அடியில்
செருப்புகளோடு.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா
கண்ணை மூடிக்கச் சொன்னார்.
கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தாராம்.
மேலேயா, கீழேயா?
மேலே.
இப்ப?
மேலேதான்.
கோமளவல்லி பக்கமிருந்து ஒரு சத்தம்.
சிரிப்பா, மற்றதா,
கண் மூடியிருந்ததால் தெரியவில்லை.

பலம் அப்படியே இருக்கு என்றார் டாக்டர்.
மூளை போடுற உத்தரவு கால்வரைக்கும் போகுது.
கால் எங்க இருக்குங்கிற சேதிதான் மேலே வரலை.
அதைக் கொண்டுவர்ற நரம்பு வேற.
புரியுதாங்க அய்யா?

அம்மா, நான் லஸ்கர் என்றேன்.

ஓர் இரவு
என் நெஞ்சின்மேல் ஒரு கை கிடந்தது.
வெதுவெதுப்பாக இருந்தது.
சூடும் குளிரும் மட்டும் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன,
அவை வேறு வாய்க்காலாம்.
கோமளத்தின் கை என்று நினைத்து
பேசாமல் படுத்திருந்தேன்.
நாற்பது நாளாக அவள் தூங்கியது அரைகுறை,
அசைந்தால் எழுந்துவிடுவாள்.
வெளுத்தபோது அவள் அடுக்களையில் இருந்தாள்.
நெஞ்சின்மேல் கிடந்ததற்கு
என் மோதிரம் இருந்தது.
மோதிரத்தை வைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

அப்படியானால் இவ்வளவு காலம்
எனக்குள் எவனோ போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.
முட்டி மடங்கியிருக்கு, சார்.
இடது முழங்கை கம்பியில் இடிக்கப்போகுது, சார்.
நாக்கு பல்லுக்கு அந்தப்பக்கம், சார்.
தூக்கத்திலும், தேர்தல் நாளிலும்,
வெள்ளத்தில் நான் ஷட்டர்மேல் தொங்கிய ராத்திரியிலும்.
ஒரு தடவைகூட
நான் எடுத்து ஹலோ சொன்னதில்லை.

இப்போது கண்ணுக்கு அந்த வேலை.
பாதத்தைப் பார்த்து வைக்கிறேன்,
மறுபாதத்தைப் பார்த்து எடுக்கிறேன்.
எதிரே வருபவர்கள்
எதையோ தொலைத்துவிட்டேன் என்று
கூடவே குனிந்து தேடுகிறார்கள்.
கரண்ட் போனால் விழுவேன்.
கோமளம் டார்ச்சை என் முகத்துக்குக் காட்டமாட்டாள்,
முதலில் காலுக்கு.

தை பிறந்து,
மாசியில் ஒருநாள் மத்தியானம்
பாமணியாற்றுக்குத் தெற்கே, எங்கள் அரைமா நிலத்துக்குப் போனேன்.
உளுந்துக்கு முன்னால் தேங்கிய தண்ணீர் வடியாத மூலை.
வரப்பில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி,
கையால் காலைப் பிடித்து
சேற்றில் இறக்கினேன்,
கடையில் வாங்கிய சாமானை இறக்குவதுபோல.

கணுக்காலுக்குக் கீழே சேறு மூடிக்கொண்டது.
இனி கண்ணுக்கும் வேலையில்லை.
பாதம் நேராக இருக்கிறதா, புரண்டிருக்கிறதா,
ஐந்து விரலும் கூட வந்தனவா,
சொல்ல ஆளில்லை.
சேற்றுக்குள் எனக்குக் கால் உண்டு என்பதற்கு
முட்டிதான் சாட்சி.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு மடையான் என்னைப் பார்த்துவிட்டு
நகராமல் நின்றது.

பிறகு எங்கோ வெகு தூரத்திலிருந்து,
மேடும் பள்ளமும் தாண்டி,
ஆளுயரத்துக்கு வண்டல் சேர்ந்த வாய்க்காலில்
கடைசிச் சொட்டு வந்து சேர்வதுபோல
சில்லென்று ஒன்று மேலே வந்தது.

எந்தக் கால் என்று சொல்லவில்லை.
எத்தனை அங்குலம் என்று சொல்லவில்லை.

கோமளம் வரப்பின் அந்தக் கோடியிலிருந்து
என்னங்க என்று கத்தினாள்.

வந்துருக்கு என்றேன்.